எலும்பு முறிந்தால் குற்றம் யாருடையது?

கண்டியில் வாழ்வோர்க்கு நடை என்பது ஏறுவதும் இறங்குவதுமே. கடல் மட்டத்திலிருந்து ஏறக்குறைய 500 மீற்றர் உயரத்தில், நாற்புறமும் குன்றுகள் சூழ, நடுவே வாவி விளங்க அமைந்த நகரம் இது. வீட்டிலிருந்து வீதிக்கு வரப் படிகள். பள்ளிக்கூடம் போகப் படிகள். சந்தைக்குப் போய்த் திரும்பினால் மீண்டும் படிகள். நகரைக் கடந்து ஹந்தானை, கலஹா, தெல்தோட்டை, புசல்லாவை என்று புறப்பட்டாலோ, கண்ணுக்கு எட்டிய மட்டும் தேயிலைச் சரிவுகளே. 1867 ஆம் ஆண்டில் ஜேம்ஸ் டெய்லர் என்பார் லூல்கந்துரைத் தோட்டத்தில் 19 ஏக்கர் நிலத்தில் தேயிலையைப் பயிரிட்டார். அன்று தொட்டு இன்று வரையில் கொழுந்துச் சுமையைத் தாங்கி இச்சரிவுகளில் ஏறி இறங்கி வருபவர்களில் மிகப் பெரும்பாலோர் நம் தமிழ்ப் பெண்களேயாவர்.

இத்தனை ஏற்ற இறக்கங்களையும் தாங்குவது எலும்பு. தாங்கும் மட்டும் நாம் அதை நினைப்பதில்லை, முறிந்தபின்தான் நினைக்கிறோம். முறிந்தவுடன் நாம் கேட்கும் முதற் கேள்வி, "யார் கவனக் குறைவு?" என்பதாகும். சில குடும்பங்களில் அந்தக் கேள்வியே பிழையான கேள்வி என்பதை வாசகர்களுக்கு, சிறப்பாகத் தாய்மார்களுக்கும் மாணவிகளுக்கும், எடுத்துரைக்க விரும்புகிறோம்.

ஒரு குடும்பத்தை நினைத்துப் பார்ப்போம்

கலஹாப் பக்கத்துத் தோட்டமொன்றில் ஒரு குடும்பம் இருப்பதாகக் கற்பனை செய்துகொள்வோம். எட்டு வயதுச் சிறுமி ஒருத்தி. அவளுக்கு இரண்டு ஆண்டுகளில் மூன்று முறை கை முறிந்துவிட்டது. முதல் முறை வாசற்படியில் வழுக்கி விழுந்தாள். இரண்டாம் முறை விளையாடுகையில் தோழி ஒருத்தி கையைப் பிடித்து இழுத்தாள். மூன்றாம் முறை, கட்டிலிலிருந்து இறங்கும்போதே முறிந்தது.

"பிள்ளையைப் பார்த்துக்கொள்ள உனக்குத் தெரியவில்லையே, அம்மா" என்று மாமியார் மருமகளைக் கடிந்துகொள்கிறார். லயத்தில் அயலார் வேறொன்றைக் காதோடு காதாகப் பேசிக்கொள்கிறார்கள். அடித்திருப்பார்களோ என்பது அவர்களுடைய ஐயம். தாயோ தலை குனிந்து நிற்கிறாள். அவள் மனத்தில் உறுத்துவது வேறு. தனக்கும் சிறு வயதில் நான்கு முறை எலும்பு முறிந்தது. பெரியவளான பின்னர் அது நின்றுபோயிற்று. கலியாணப் பேச்சு வந்தபோது, "இதை ஒருவரிடமும் வாய் திறக்காதே" என்று பெற்ற தாயே சொல்லி வைத்தாள். அந்தச் சொல்லைப் பதினைந்து ஆண்டுகளாக அவள் காத்து வருகிறாள்.

சிறுமியின் கையை மூன்றாம் முறையாகக் கட்டுவதற்கு வந்த இடத்தில் வைத்தியர் அம்மா ஒருவர் சிறுமியின் கண்ணை விரித்துப் பார்க்கிறார். பிறகு தாயின் கண்ணையும் பார்க்கிறார். இருவர் கண்ணிலும் வெள்விழி சற்றே நீலம் பாய்ந்திருக்கிறது. "அம்மா, உங்களுக்கும் சின்ன வயதில் எலும்பு முறிந்ததுண்டா?" என்று அவர் கேட்கிறார்.

அந்தத் தாய் என்ன விடை சொல்ல வேண்டும்? நாம் எழுதுவதெல்லாம் அந்த ஒரு விடைக்காகவே.

கம்பியும் சீமெந்தும்

எலும்பு வெறுஞ் சுண்ணாம்புக் கட்டி என்று எண்ணுவோர் பலர். அது சரியன்று. மலைச் சரிவிலே மதில் கட்டுவோரைப் பாருங்கள். சீமெந்து மட்டும் போட்டால் பாரத்தில் மதில் வெடித்துவிடும். ஆகையால் உள்ளே இரும்புக் கம்பியை ஓட்டுகிறார்கள். எலும்பின் அமைப்பும் அவ்வாறானதே. கல்சியமும் பொசுபரசும் சேர்ந்த கனிப்பொருள், சீமெந்தைப் போல் அதற்கு உறுதி தருகிறது. கொலாஜன் என்னும் புரத நார், கம்பியைப் போல் உள்ளே ஓடி, வளைந்து கொடுத்தும் முறியாதிருக்கும் தன்மையைத் தருகிறது.

பேராதனைத் தாவரவியற் பூங்காவிலே, மகாவலிக் கரையோரம் ஓங்கி நிற்கும் இராட்சத மூங்கில்களைக் காணாதவர் நம்மில் குறைவு. பெருங்காற்றிலும் அவை வளைகின்றனவேயன்றி எளிதில் ஒடிவதில்லை. நாரின் வலிமையே அதற்குக் காரணம். அந்த நார் பிறவியிலேயே சரியாக முறுக்கேறாவிட்டால் என்னவாகும்? மூங்கில் பார்வைக்கு மூங்கிலாகவே இருக்கும்; காற்று வரும்போதுதான் குறை வெளிப்படும்.

உடலின் உறுப்புகளை ஒன்றோடொன்று பிணைத்தும் தாங்கியும் நிற்கும் இத்தகைய பொருளைத் தொடுப்பிழையம் என்று நம் பாடநூல்கள் கூறும். எலும்பு, குருத்தெலும்பு, மூட்டுகளைக் கட்டும் பந்தகம், தசையை எலும்போடு சேர்க்கும் சிரை, தோலின் அடிப்பாகம், இரத்தக் குழாயின் சுவர் ஆகிய எல்லாவற்றிலும் இது உண்டு. ஆதலால் இதில் உண்டாகும் பரம்பரைக் குறை ஓரிடத்தோடு நிற்பதில்லை. கண்ணில் ஓர் அடையாளம், மூட்டில் ஓர் அடையாளம், நெஞ்சில் ஓர் அடையாளம் என்று பல இடங்களில் தலைகாட்டும். தொடர்பில்லாதவை போலத் தோன்றும் அவ்வடையாளங்களை ஒன்று சேர்த்துப் பார்ப்பதிலேதான் வைத்தியரின் திறமை விளங்குகிறது.

அறிந்துகொள்ள வேண்டிய மூன்று நோய்கள்

இவ்வகை நோய்கள் பல. அவற்றுள் மூன்றை நாம் பெயரளவிலேனும் அறிந்திருத்தல் நலம்.

முதலாவது, நொறுங்கும் எலும்பு நோய். ஒஸ்டியோஜெனெசிஸ் இம்பெர்ஃபெக்டா என்பது இதன் மருத்துவப் பெயர். 1788 இலே சுவீடன் தேசத்து ஏக்மன் என்பவர், மூன்று தலைமுறையாக எலும்பு முறிந்துவந்த ஒரு குடும்பத்தைப் பற்றித் தம் ஆய்வில் எழுதினார். 1979 இல் அவுஸ்திரேலியாவில் சைலன்ஸ் என்பாரும் அவர் கூட்டத்தாரும் இந்நோயை நான்கு வகையாகப் பிரித்தனர். பின்னர் வேறு வகைகளும் கண்டறியப்பட்டன. மிக மென்மையான வகையில் பிள்ளை மற்றப் பிள்ளைகளைப் போலவே வளரும். எலும்பு மட்டும் அடிக்கடி முறியும். வெள்விழி நீலம் பாய்ந்திருக்கலாம். பல் எளிதில் தேயலாம். நடுவயதிற் காது மந்தமாகலாம். கடுமையான வகைகளிலோ எலும்புகள் வளைந்து, வளர்ச்சியும் குன்றிவிடும். 15,000 முதல் 20,000 பேருக்கு ஒருவர் என்ற அளவில் இது காணப்படுவதாகக் கணக்கிடுகின்றனர்.

இரண்டாவது, மார்ஃபான் நோய். 1896 இலே பரிஸ் நகரத்து மார்ஃபான் என்னும் குழந்தை வைத்தியர், கைகால்களும் விரல்களும் மெலிந்து நீண்டிருந்த ஐந்து வயதுச் சிறுமி ஒருத்தியைப் பற்றி எடுத்துரைத்தார். இந்நோயுள்ளோர் பெரும்பாலும் நெட்டையானவர்கள். முதுகு வளையலாம், கண்ணின் வில்லை இடம் பெயரலாம், எல்லாவற்றிலும் முக்கியமாக, இருதயத்திலிருந்து புறப்படும் பெருநாடி விரிவடையலாம். பைபிரிலின் என்னும் புரதத்துக்குரிய பரம்பரையலகிலே உள்ள மாற்றமே காரணம் என்பது 1991 இல் நிலைநாட்டப்பட்டது. சுமார் 5,000 பேருக்கு ஒருவரிடம் இது காணப்படுகிறது.

மூன்றாவது, ஏலர்ஸ்–டான்லோஸ் நோய். 1901 இலே டென்மார்க்கைச் சேர்ந்த ஏலர்சும், 1908 இலே பிரான்சைச் சேர்ந்த டான்லோசும் இதை விவரித்தனர். 2017 ஆம் ஆண்டின் சர்வதேச வகைப்பாடு இதிலே 13 வகைகளைக் கூறுகிறது. மூட்டுகள் அளவுக்கு மீறி வளையும், அடிக்கடி விலகும், தோல் இழுபடும், எளிதிற் கன்றும். சில வகைகளில் இரத்தக் குழாய்களே பலவீனமாக இருக்கும்.

மேற்கண்ட விகிதங்களை 14 இலட்சத்துக்கு மேற்பட்ட மக்கள் வாழும் கண்டி மாவட்டத்துக்குப் பொருத்திப் பார்த்தால், மார்ஃபான் நோயுள்ளோர் முந்நூறு பேரளவிலும், நொறுங்கும் எலும்புடையோர் எழுபது முதல் தொண்ணூற்றைந்து பேர் வரையிலும் நம்மிடையே இருத்தல் கூடும். இஃது எண்ணிப் பெற்ற தொகையன்று. விகிதத்தைக் கொண்டு செய்த மதிப்பீடு மட்டுமே. ஆயினும், "இதெல்லாம் மேல்நாட்டு நோய்" என்று தள்ளிவிட முடியாது என்பதை இது உணர்த்தும்.

விரலை வளைத்துப் பார்க்கலாம். ஆனால் அஞ்ச வேண்டாம்

மூட்டு நெகிழ்வை அளக்கப் பெய்ட்டன் அளவு என்றொரு முறை உண்டு. சுண்டு விரல் பின்புறமாகச் செங்கோணத்தைத் தாண்டி வளைந்தால் கைக்கு ஒரு புள்ளி, பெருவிரல் முன்கையைத் தொட்டால் கைக்கு ஒன்று, முழங்கை பின்புறம் மிகையாக வளைந்தால் ஒன்று, முழங்காலும் அவ்வாறே, முழங்கால் மடங்காமல் குனிந்து உள்ளங்கைகளை நிலத்தில் முழுதாகப் பதித்தால் ஒன்று. ஆக மொத்தம் ஒன்பது. வளர்ந்தவர்களிடத்தில் ஐந்தோ அதற்கு மேலோ வந்தால் நெகிழ்வு மிகை என்பர். ஐம்பது வயதைத் தாண்டியவர்க்கு நான்கே போதும்.

இதைப் படித்தவுடன் மாணவிகள் விரலை வளைத்துப் பார்ப்பார்கள் என்பதை நாம் அறிவோம். ஆகையால் ஒரு வார்த்தை. நன்றாக வளையும் உடல் எல்லாம் நோயுடலன்று. நடன வகுப்பில் அழகாக வளைகிறாள் என்று பாராட்டுப் பெறும் பெண்களில் மிகப் பலர் முற்றும் நலமானவர்களே. வளைவோடு வலியும், மூட்டு விலகலும், அடிக்கடி முறிவும், குடும்பத்திலே அதே வரலாறும் சேர்ந்திருந்தால்தான் வைத்தியரை நாட வேண்டும்.

பரம்பரை என்பது சாபமன்று

இந்நோய்களிற் பெரும்பாலானவை, பெற்றோரில் ஒருவரிடமிருந்தே வரக்கூடியவை. நோயுள்ள தாய்க்கோ தந்தைக்கோ பிறக்கும் ஒவ்வொரு பிள்ளைக்கும் அது வருவதற்குப் பாதிக்குப் பாதி வாய்ப்பு. நாணயத்தைச் சுண்டிவிடுவது போலத்தான். முதற் பிள்ளைக்கு வந்துவிட்டதால் இரண்டாம் பிள்ளை தப்பும் என்றோ, பெண்ணுக்கு வந்தால் ஆணுக்கு வராது என்றோ கணக்குச் சொல்ல முடியாது. தாய் வழியாக மட்டுமே வரும் என்பதும் தவறு. தந்தை வழியாகவும் அதே அளவில் வரும். மார்ஃபான் நோயுள்ளோரில் ஏறத்தாழ நாலில் ஒரு பங்கினர்க்குப் பெற்றோர் இருவரிடமும் நோய் இருப்பதில்லை. பரம்பரையலகில் புதிதாக நேர்ந்த மாற்றமே காரணம்.

வேறு சில அரிய வகைகள், தாய் தந்தை இருவரும் வெளித்தெரியாமல் ஒரே குறையைச் சுமந்திருந்தால் மட்டுமே பிள்ளையிடம் வெளிப்படும். மாமன் மகள், அத்தை மகன் என்று நெருங்கிய உறவில் மணம் முடிக்கும்போது அவ்வகைகளுக்கு வாய்ப்பு மிகுகிறது. உறவு முறைத் திருமணத்தை நாம் பழித்துரைக்கவில்லை. குடும்பத்தில் இத்தகைய வரலாறு இருக்குமாயின், மணத்துக்கு முன் வைத்தியரிடம் ஒரு வார்த்தை கேட்டுக்கொள்வது புத்தி என்கிறோம், அவ்வளவே. கொழும்புப் பல்கலைக்கழக மருத்துவ பீடத்திலே 1983 முதல் பிறப்புரிமையியலுக்கென்று தனி அலகொன்று இயங்கி வருகிறது.

பெண்ணுக்கு ஏன் தனிக் கவனம்?

எலும்பு நாள்தோறும் கரைந்து நாள்தோறும் புதுப்பிக்கப்படும் உயிருள்ள பொருள். ஏறக்குறைய முப்பது வயது வரையில் வரவு மிகுதி. பின்னர் செலவு மெல்ல மெல்ல மிகும். பெண்ணின் எலும்புக்குக் காவலாக நிற்பது ஈஸ்திரோஜன் என்னும் சுரப்பு. மாதவிடாய் நின்றதும் அக்காவல் நீங்கிவிடுகிறது. அதன் பின் ஐந்து முதல் ஏழு ஆண்டுகளுக்குள் எலும்பின் ஐந்தில் ஒரு பங்கு வரையிற்கூட இழப்போர் உண்டு. நலமாகப் பிறந்த பெண்ணுக்கே நிலைமை இதுவென்றால், கம்பியே பழுதான எலும்போடு பிறந்தவளுக்கு எப்படியிருக்கும்?

நொறுங்கும் எலும்பு நோயிலே ஒரு வஞ்சகம் உண்டு. குழந்தைப் பருவத்தில் அடிக்கடி முறிந்த எலும்பு, பெண் பெரியவளானதும் பெரும்பாலும் முறிவதை நிறுத்திக்கொள்ளும். "நோய் தீர்ந்துவிட்டது" என்று குடும்பம் மகிழும், கலியாணமும் ஆகும், பழைய கதை மறக்கப்படும், அல்லது மறைக்கப்படும். ஆனால் நோய் தீரவில்லை, பதுங்கியிருக்கிறது. மாதவிடாய் நின்றபின் மறுபடியும் முறிவுகள் தொடங்கும். அப்பொழுது பழைய கதையை அறிந்த தாய் உயிரோடு இராள்; வைத்தியரோ இதைச் சாதாரண முதுமை எலும்புத் தேய்வு என்றே எண்ணக்கூடும்.

மார்ஃபான் நோயுள்ள வளர்ந்தோரிடத்தில் எலும்பின் அடர்த்தி குறைந்திருப்பதைப் பல ஆய்வுகள் காட்டியுள்ளன. ஏலர்ஸ்–டான்லோஸ் நோயிலோ ஆய்வுகள் ஒருமித்துப் பேசவில்லை. சில குறைவைக் கண்டன, சில காணவில்லை. ஆனால் மூட்டு நிலையில்லாமையால் விழுவதும், வலியால் நடமாட்டம் குறைவதும் எலும்புக்கு ஊறு என்பதில் ஐயமில்லை.

கர்ப்பக் காலத்திலும் பாலூட்டும் காலத்திலும் தாயின் எலும்பிலிருந்து கல்சியம் பிள்ளைக்குச் செல்கிறது. பால் மறந்த பின்பு பெரும்பாலும் அது மீண்டுவிடும். ஆனால் இந்நோயுள்ளவர்கள் கருவுறுவதற்கு முன்பே வைத்தியரிடம் சொல்லிவிட வேண்டும். மார்ஃபான் நோயில் பெருநாடிக்கும், ஏலர்ஸ்–டான்லோஸ் நோயின் இரத்தக்குழாய் வகையில் இரத்தக் குழாய்களுக்கும் கருப்பைக்கும் பேராபத்து நேரலாம். இதை மருத்துவிச்சியிடமும் மறைத்தலாகாது.

இன்னொன்று. மூன்று மாதத்துக்கு ஒரு முறை போடும் கருத்தடை ஊசி, பயன்படுத்தும் காலத்தில் எலும்பின் அடர்த்தியைக் குறைக்கக்கூடியது. நலமுள்ளவர்க்கு நிறுத்தியபின் அது பெரும்பாலும் திரும்பிவிடும். எலும்புக் குறையுள்ளோர் தாமாக ஊசியை நிறுத்திவிடாமல், வேறு முறை தமக்குப் பொருந்துமா என்று கேட்டறிதல் வேண்டும். நெடுநாள் உட்கொள்ளும் ஸ்டீரொயிட் மாத்திரைகளுக்கும் இதே எச்சரிக்கை பொருந்தும்.

அளவும் மருந்தும்

எலும்பின் அடர்த்தியை டெக்சா என்னும் மிகக் குறைந்த கதிர் கொண்ட படத்தால் அளக்கலாம். இளம் பெண்களின் அளவை அவர்கள் வயதினரோடு ஒப்பிட்டே சொல்ல வேண்டும். மாதவிடாய் நின்றவர்களின் அளவை இளவயதினரின் அளவோடு ஒப்பிடுவர். பின்னைய கணக்கிலே மறை 2.5 அல்லது அதற்குக் கீழ் என்பது எலும்புத் தேய்வு என உலக சுகாதார நிறுவனம் 1994 இல் வகுத்தது. ஆயினும் பரம்பரைக் குறையுள்ளோர்க்கு எண் மட்டும் முழுக் கதையையும் சொல்லாது. சீமெந்தின் அளவை இப்படம் காட்டும். கம்பியின் தரத்தைக் காட்டாது. ஆதலால் எத்தனை முறை முறிந்தது, எவ்வளவு சிறிய அடிக்கு முறிந்தது என்ற வாய்மொழி வரலாறே வைத்தியருக்கு மிகப் பெரிய சான்று.

மருந்திலும் முன்னேற்றம் உண்டு. 1998 இலே கனடாவின் மொன்றியல் நகரத்துக் குளோரியோ என்னும் வைத்தியரும் அவர் குழுவினரும், கடுமையான நொறுங்கும் எலும்பு நோயுள்ள பிள்ளைகளுக்குப் பமிட்ரோனேட் என்னும் மருந்தை நாளம் வழியே செலுத்தி, எலும்பின் அடர்த்தி கூடியதையும் முறிவுகள் குறைந்ததையும் எடுத்துக்காட்டினர். வளர்ந்தோரிடத்தில் இதன் பயன் அத்துணைத் தெளிவாக நிறுவப்படவில்லை. இவ்வகை மருந்து எலும்பிலே பல ஆண்டுகள் தங்குவதால், பிள்ளை பெற எண்ணும் பெண்கள் அதைத் தொடங்குமுன் நன்கு ஆலோசிக்க வேண்டும்.

கண்டியில் உள்ளோர்க்கு வழி தொலைவிலில்லை. கண்டித் தேசிய வைத்தியசாலையும், பேராதனைப் போதனா வைத்தியசாலையும், பிள்ளைகளுக்கென்றே அமைந்த சிறிமாவோ பண்டாரநாயக்க விசேட வைத்தியசாலையும் இங்கேயே உள்ளன. அரச வைத்தியசாலைகளிற் கட்டணமும் இல்லை. தோட்டத்து மருந்துச் சாலையிலோ மாவட்ட வைத்தியசாலையிலோ வரலாற்றைச் சொன்னால் அங்கிருந்து அனுப்பி வைப்பார்கள். முறிவு வைத்தியரிடம் போகும் வழக்கம் நம்மிடையே ஆழ வேரூன்றியது. ஆனால் இத்தகைய எலும்பை அழுத்திப் பிடித்துத் தேய்ப்பதும் மூட்டை இழுத்து உருவுவதும் புதிய முறிவுக்கே வழியாகலாம்.

அடுக்களையும் வெயிலும்

பரம்பரைக் குறையை உணவு மாற்றாது. கம்பியின் பழுதை மாற்ற முடியாவிடினும் சீமெந்தையேனும் குறைவில்லாமல் சேர்க்கலாமன்றோ? வளர்ந்த பெண்ணுக்கு நாளொன்றுக்குச் சுமார் 1,000 மில்லிகிராம் கல்சியம் தேவை. ஐம்பதைத் தாண்டியவர்க்கு 1,200 என்பர். ஒரு தேநீர்க் கிண்ணம் பசும்பாலில் ஏறத்தாழ 200 மில்லிகிராம் உண்டு. 100 கிராம் குரக்கன் மாவில் 300க்கு மேல் உண்டு. முள்ளோடு உண்ணும் நெத்தலிக் கருவாடு, தயிர், எள்ளுருண்டை, முருங்கைக் கீரை ஆகியன யாவும் நம் அடுக்களைக்குப் பழகியவையே. குரக்கன் ரொட்டியும் முருங்கையிலைச் சுண்டலும் ஏழை உணவு என்று இகழ்பவர் எலும்பின் அருமை அறியாதவர். பருப்பும் முட்டையும் மீனும் தரும் புரதமும் வேண்டும். கொலாஜன் நாருக்கு அதுவே மூலப்பொருள்.

தேநீர் எலும்பைக் கரைக்கும் என்று அஞ்சுவோர் உண்டு. அளவோடு அருந்துவதால் எலும்புக்குக் கேடு இல்லை. ஆனால் உணவுக்குப் பதிலாக வெறுந்தேநீரையே குடித்துப் பொழுதைப் போக்குவதுதான் கேடு. பாணும் தேநீரும் காலை உணவாகும் வீடுகளில் இதைச் சிந்திக்க வேண்டும்.

கல்சியத்தை உடல் ஏற்க விற்றமின் டீ வேண்டும். அதைத் தோலிலே ஆக்குவது வெயில். ஆண்டு முழுவதும் கதிரவன் காயும் நம் நாட்டிலும் பெண்கள் பலரிடம் இது குறைந்திருப்பது ஆய்வுகளில் தெரிகிறது. வீட்டுக்குள்ளும் அலுவலகத்துக்குள்ளும் நாள் முழுவதும் அடைந்திருப்பவர்கள், முகமும் கையும் வெயிற் படச் சிறிது நேரம் வெளியே நடப்பது நலம். குறை இருப்பதாக வைத்தியர் கண்டால் மாத்திரை தருவார். தாமாக வாங்கி மிகையாக உட்கொள்ளலாகாது.

படிகளில் நடக்கும்போது

எலும்பு நோய் என்றவுடன் பெண்ணைக் கட்டிலிலே கிடத்திவிடுவது அன்பின் பெயரால் செய்யும் தீங்கு. அசையாத எலும்பு மேலும் நொய்ந்துபோகும். சம நிலத்தில் நடை, தண்ணீரில் நீச்சல், தசையை மெல்ல வலுப்படுத்தும் பயிற்சி ஆகியவை நல்லன. உடற்பயிற்சி வைத்தியரிடம் முறையறிந்து செய்தால் மிக நன்று. குதித்தல், மோதி விளையாடுதல், உடலை முறுக்குதல் ஆகியவை வேண்டா. மார்ஃபான் நோயுள்ளோர் மூச்சை அடக்கிப் பெருஞ்சுமை தூக்கலாகாது.

கொழுந்து பறிக்கும் பெண்ணுக்கு இது எளிதன்று என்பதை நாம் உணர்கிறோம். பல தோட்டங்களில் நாளொன்றுக்கு 18 முதல் 20 கிலோ வரை எதிர்பார்க்கப்படுகிறது; மழையில் நனைந்த சரிவில் அதைச் சுமந்து இறங்க வேண்டும். எலும்புக் குறை உறுதியானால் வைத்தியச் சான்றைக் காட்டி, சரிவு குறைந்த மலையையோ இலகுவான வேலையையோ கேட்பது பிச்சையன்று. சுமையை ஒரேயடியாகச் சேர்க்காமல் அடிக்கடி இறக்கி வைப்பதும், வழுக்காத அடியுள்ள காலணி அணிவதும் சிறு காரியங்கள். ஆனால் பெரும் முறிவைத் தடுப்பவை.

வீட்டிலே பாசி படிந்த படியைத் தேய்த்துக் கழுவுங்கள். பீலிக்கரைக்குப் போகும் வழியில் ஒரு கைப்பிடிக் கம்பு நட்டுவிடுங்கள். இரவில் எழுந்தால் விளக்கு எட்டும் தூரத்தில் இருக்கட்டும். இவற்றுக்குப் பணம் வேண்டியதில்லை, மனம் வேண்டும்.

அந்தத் தாயின் விடை

இனி, நாம் நடுவழியில் விட்டுவந்த அந்தக் கற்பனைத் தாயிடம் திரும்புவோம். வைத்தியர் அம்மாவின் கேள்விக்கு அவள், "இல்லை" என்று சொல்லலாம். அப்படிச் சொன்னால் சிறுமியின் கை கட்டப்பட்டு வீட்டுக்கு அனுப்பப்படும். நான்காம் முறிவு வரும். மாமியாரின் குறையும் அயலாரின் ஐயமும் வளரும். அந்தச் சிறுமியும் ஒரு நாள் மணப்பெண் ஆவாள். "வாய் திறக்காதே" என்னும் அதே உபதேசம் அவள் காதிலும் ஓதப்படும்.

அவள், "ஆம் அம்மா, எனக்கும் நான்கு முறை முறிந்தது" என்று சொன்னாலோ, அந்த ஒரு வாக்கியத்தில் மூவருக்கு விடுதலை கிடைக்கிறது. சிறுமிக்கு உரிய வைத்தியம் கிடைக்கிறது. பிள்ளையைப் பாராதவள், அடித்தவள் என்ற பழியிலிருந்து தாய் நீங்குகிறாள். காரணம் அறியாமல் கடிந்துகொண்ட மாமியாருக்கும் உண்மை விளங்குகிறது. பேத்தியைத் தூக்கும்போது கையைப் பிடித்திழுக்காமல் உடலோடு அணைத்துத் தூக்க வேண்டும் என்பதை அவரும் கற்றுக்கொள்கிறார்.

நான்காவதாக ஒருவரும் உண்டு. அவரை எல்லோரும் மறந்துவிடுகிறோம். சிறுமிக்காகக் கிளினிக் புத்தகத்தைச் சுமந்துகொண்டு பஸ் ஏறி வரும் அந்தத் தாயும் நோயாளியே. இன்னும் சில ஆண்டுகளில் அவளுக்கும் மாதவிடாய் நிற்கும். பதுங்கியிருந்த நோய் அப்போது தலைதூக்கும். தன் பெயரிலும் ஒரு கிளினிக் புத்தகம் வேண்டும் என்று கேட்கும் துணிவு அவளுக்கு வர வேண்டும். கேட்காவிட்டால், "அம்மா, உங்களுக்கும் ஒரு நாள் குறித்துக்கொள்வோமே" என்று சொல்லக் கணவனோ, வளர்ந்த மகனோ, படித்த தங்கையோ பக்கத்தில் இருக்க வேண்டும்.

உடற்குறையைக் குலக்குறையாக எண்ணி மூடி மறைத்த காலம் போதும். தன் பிறப்பை எவரும் தெரிந்தெடுத்துப் பிறப்பதில்லை. முறிந்த எலும்பு ஆறு வாரத்திலோ எட்டு வாரத்திலோ கூடிவிடும். சொல்லாமல் விட்ட சொல் மட்டும் தலைமுறை தலைமுறையாக முறிந்துகொண்டேயிருக்கும். இந்த ஞாயிற்றுக்கிழமை பிற்பகலில், வீட்டில் உள்ள மூத்த பெண்மணி ஒருவரின் அருகில் அமர்ந்து, "பாட்டி, நம் வீட்டில் யாருக்கெல்லாம் எலும்பு முறிந்திருக்கிறது?" என்று கேட்டுப் பாருங்கள். அவர் சொல்வதை ஒரு கொப்பியில் எழுதி வையுங்கள். நாளை ஒரு சிறுமிக்கு அது மருந்தாகலாம்.